ஒற்றைச்சுருள் நிலைமாற்றியின் வரலாறு

சுழலும் உறுப்பு ஒன்றேனும் இல்லாமல், மெல்லிய முரலொலி ஒன்றை மாத்திரம் எழுப்பிக்கொண்டு, இரவும் பகலும் உழைக்கும் பொறி நிலைமாற்றியாகும். மின்மாற்றி என்ற பெயராலும் இதனை வழங்குவர். வீதியோரக் கம்பங்களின் மேல் இரும்புத் தொட்டிகளைப் போல அமர்ந்திருப்பனவும், துணை மின்நிலையங்களின் முற்றங்களில் வீடளவு உயர்ந்து நிற்பனவும் இவையே. தொலைவிலிருந்து உயர்ந்த அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை வீட்டிற்கேற்ற தாழ்ந்த அழுத்தத்திற்கு இறக்குவதும், வேண்டுமிடத்துத் தாழ்ந்ததை உயர்த்துவதும் இதன் தொழில்.

பெரும்பாலான நிலைமாற்றிகளில் இரண்டு சுருள்கள் உள. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகம் ஒன்றின் மீது, காவலிட்ட செப்புக் கம்பியால் இச்சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். முதலாவது சுருளில் ஆடலோட்டம் செல்லும்போது இரும்பிலே காந்தத் தன்மை கணந்தோறும் ஏறியும் இறங்கியும் திசைமாறியும் வருகின்றது. அம்மாற்றமே இரண்டாவது சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகின்றது. சுருள்களின் சுற்றுக்கள் எவ்விகிதத்தில் உளவோ, ஏறக்குறைய அவ்விகிதத்திலேயே அழுத்தங்களும் அமையும். இதிற் குறிக்கொள்ள வேண்டியது ஒன்று: முதலாவது சுருளுக்கும் இரண்டாவது சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பு எதுவுமில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வலு முழுவதும் காந்தத்தின் வழியாகவே செல்லுகின்றது.

இவ்விரண்டு சுருள்களுக்கும் பதிலாக ஒரே சுருளை வைத்தால் யாது நிகழும்? அச்சுருளின் இரு முனைகளையும் மின்வழங்கலோடு இணைத்து, நடுவில் ஓரிடத்தில் கம்பியைத் தொட்டு ஒரு கிளையை வெளியே எடுத்தால், அக்கிளைக்கும் சுருளின் அடிமுனைக்கும் இடையே தாழ்ந்த அழுத்தம் கிடைக்கும். வழங்கலைக் கிளையிலும் பயன்கொள்ளும் கருவியை முழுச்சுருளிலும் இணைத்தால் உயர்ந்த அழுத்தம் கிடைக்கும். இவ்வாறு ஒரே கம்பியைக் கொடுப்பவனும் கொள்பவனும் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பே ஒற்றைச்சுருள் நிலைமாற்றி. செலவைச் சுருக்குவதில் இதற்கு நிகரான நிலைமாற்றி வேறில்லை. ஆயினும் எக்காரணத்தால் இது செலவைச் சுருக்குகின்றதோ, அக்காரணத்தாலேயே சிலவிடங்களில் உயிருக்கு இடரும் ஆகின்றது. இதன் வரலாறு, அவ்விரண்டையும் மனிதர் சிறிது சிறிதாக அறிந்துகொண்ட வரலாறாகும்.

1831 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆந் திகதி இலண்டனில் மைக்கேல் பரடே, மெல்லிரும்பு வளையம் ஒன்றில் இரு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடக்கியும் நிறுத்தியும் மற்றொன்றில் மின்னோட்டம் கணப்பொழுது தோன்றுவதைக் கண்டார். இருசுருள் நிலைமாற்றிகளின் மூலம் இவ்வளையமே. அதே காலத்தில் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி வேறொரு வழியாற் சென்றுகொண்டிருந்தார். நீண்ட கம்பியிற் செல்லும் மின்கல ஓட்டத்தைச் சட்டென அறுத்தால், அறுத்த இடத்திற் பெரியதொரு தீப்பொறி தோன்றுவதை அவர் 1832 இல் வெளியிட்டார். கம்பி தன்னிற் செல்லும் ஓட்டத்தின் மாற்றத்தைத் தானே எதிர்க்கின்றது என்பதே இதன் பொருள். இதனைத் தன்தூண்டல் என்பர். செப்பு நாடாவைத் தட்டையான சுருளாகச் சுற்றினால் இவ்விளைவு மிகுவதையும் ஹென்றி காட்டினார்.

ஹென்றியின் நாடாச் சுருளைக் கையிலெடுத்தவர் சார்ள்ஸ் கிராப்டன் பேஜ் என்னும் இளைஞர். 1812 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் என்னும் துறைமுக நகரிற் பிறந்த இவர், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1836 இற் பட்டம் பெற்றவர். மின்னதிர்ச்சியால் நோய் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை அந்நாளில் மருத்துவரிடையே பரவியிருந்தது. பேஜ் தம் செப்பு நாடாச் சுருளின் இரு முனைகளில் மாத்திரமன்றி, இடையிடையே பல இடங்களிலும் இரசம் நிரப்பிய சிறு கிண்ணங்களை இணைத்தார். மின்கலத்தின் கம்பியை எந்தக் கிண்ணத்தில் வேண்டுமாயினும் தோய்க்கலாம். தம் கைகளில் ஏந்திய பிடிகளையும் எந்தக் கிண்ணத்தோடு வேண்டுமாயினும் சேர்க்கலாம்.

மின்கல ஓட்டத்தைச் சுருளின் ஒரு பகுதியூடாக மாத்திரம் செலுத்தி அறுத்தபோது, அந்த ஓட்டம் சென்றிராத பகுதியையும் சேர்த்து முழுச்சுருளின் முனைகளிற் கைவைத்த அவருக்கு வலிய அதிர்ச்சி ஏற்பட்டது. ஓட்டம் சென்ற பகுதியிலிருந்து மாத்திரம் பெறும் அதிர்ச்சியிலும் அது பெரிதாயிருந்தது. மின்னோட்டம் நுழையாத கம்பியிலும் மின்னியக்கம் பிறந்தது. அது மற்றப் பகுதியின் அழுத்தத்தோடு கூடிப் பெருகியது. அழுத்தத்தை அளக்கத்தக்க கருவி அந்நாளிற் கிட்டாமையால் பேஜின் உடலே அளவுகோலாயிற்று. அதிர்வு மெலிந்தவிடத்து ஊசிகளால் விரலின் தோலைத் துளைத்து உணர்ச்சியைக் கூர்மையாக்கிக்கொண்டார். இச்சோதனைகளின் விவரம் 1837 இல் அமெரிக்க விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தது. ஒற்றைச்சுருள் நிலைமாற்றியின் தத்துவம் அச்சில் ஏறியது அப்போதுதான் எனலாம். அதே 1836 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த நிக்கலஸ் கலன் என்னும் குருவானவரும், தடித்த கம்பியையும் மெல்லிய கம்பியையும் கொண்ட தூண்டற்சுருளொன்றை அமைத்து உயர்ந்த அழுத்தத்தைப் பெற்றார். ஒருவரையொருவர் அறியாத இருவர் கடலின் இரு கரைகளில் ஒரே காலத்தில் ஒரே வாயிலை அண்மினர்.

பேஜின் வாழ்க்கையில் மற்றொரு நிகழ்ச்சியும் இவ்வரலாற்றோடு தொடர்புடையது. பின்னாளில் வாஷிங்டனிற் காப்புரிமை அலுவலகத்திற் பணியாற்றிய அவர், மின்சாரத்தால் ரயில் வண்டியை ஓட்ட முயன்றார். அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென 20,000 டொலர் ஒதுக்கியது. 1851 ஏப்ரில் 29 ஆந் திகதி அவருடைய இயந்திரம் வாஷிங்டனிலிருந்து பிளேடென்ஸ்பேர்க் நோக்கிப் புறப்பட்டு, மணிக்கு ஏறத்தாழ 19 மைல் வேகத்தையும் எட்டியது. ஆனால் வண்டியிலேயே ஏற்றிச்சென்ற மின்கலங்கள் பாதை அதிர்ச்சியைத் தாங்காது பழுதுற்றன. முயற்சி கைவிடப்பட்டது. வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தை வண்டியே சுமந்து செல்லாமல், வெளியிலிருந்து கம்பி வழியே பெறும் காலம் வரவேண்டியிருந்தது. அக்காலம் வந்தபோது அவருடைய பழைய சுருளின் தத்துவமே அதற்குத் துணைநின்றது. 1868 மே மாதத்திற் காலமான பேஜ் இதனை அறியார்.

அவர் கண்ட தத்துவம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பயனின்றிக் கிடந்ததற்குக் காரணமுண்டு. மின்கலம் தருவது ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். அதனை அறுக்கும் கணத்தில் மாத்திரமே தூண்டல் நிகழும். இடையறாது நிலைமாற்றம் நிகழ வேண்டுமாயின் ஓட்டமே இடையறாது மாறிக்கொண்டிருத்தல் வேண்டும். ஆடலோட்டத்தைப் பிறப்பிக்கும் பெரும் பொறிகள் ஊர்களுக்கு ஒளிதரத் தொடங்கிய 1880 ஆம் ஆண்டுகளிலேயே நிலைமாற்றிக்கு வேலை பிறந்தது. 1885 இல் புடாப்பெஸ்ற் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் சிப்பர்னோவ்ஸ்கி, பிளாதி, டேரி என்னும் மூன்று பொறியியலாளர் மூடிய இரும்பு உள்ளகத்தையுடைய நிலைமாற்றியை உருவாக்கினர். 1886 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் கிரேற் பரிங்ரன் என்னும் ஊரில் வில்லியம் ஸ்ரான்லி தம் நிலைமாற்றிகளைக் கொண்டு கடைகளுக்கு விளக்கேற்றிக் காட்டினார். இவர்கள் அனைவரும் ஊர்களுக்கு வழங்கியவை இருசுருள் நிலைமாற்றிகளே.

ஒற்றைச்சுருள் அப்போது ஒதுக்கப்பட்டது ஏன் என்பதை விளங்க, அதன் கணக்கைச் சிறிது பார்த்தல் வேண்டும். சுருளை ஓர் ஏணியாகக் கருதுக. அதற்கு 250 படிகள். ஒவ்வொரு படியும் ஒரு சுற்று. முனைகளுக்கிடையே 250 வோல்ற்று வழங்கினால், படி ஒன்றுக்கு ஒரு வோல்ற்று வீதம் அழுத்தம் ஏறிச்செல்லும். 200 ஆவது படியில் ஒரு கிளையை எடுத்தால் அங்கே 200 வோல்ற்று கிடைக்கும். அக்கிளையில் இணைத்த கருவி 10 அம்பியர் ஓட்டத்தைக் கொள்வதாயின், அது கொள்ளும் வலு 2000 வாற்று. இழப்புக்களைக் கணியாது விட்டால் வழங்கலும் 2000 வாற்றையே கொடுக்க வேண்டும். 250 வோல்ற்றில் அதற்கு 8 அம்பியர் போதும். கருவிக்கு வேண்டிய 10 அம்பியரில் 8 அம்பியர், ஏணியின் மேற்பகுதியாகிய 50 சுற்றுக்களின் வழியாக நேராகவே வந்துவிடுகின்றது. எஞ்சிய 2 அம்பியரை மாத்திரமே கீழ்ப்பகுதியாகிய 200 சுற்றுக்கள் தூண்டலாற் பிறப்பிக்க வேண்டும். மேலே 50 சுற்றுக்களில் 8 அம்பியர். கீழே 200 சுற்றுக்களில் 2 அம்பியர். இரண்டின் பெருக்கமும் 400 ஆதலின் காந்தச் சமநிலையும் பொருந்துகின்றது.

2000 வாற்றில் 400 வாற்று மாத்திரமே காந்தத்தின் வழியாகச் செல்லுகின்றது. மற்றைய 1600 வாற்றும் கம்பியின் வழியாக நேரே செல்லுகின்றது. இருசுருள் நிலைமாற்றியாயின் 250 சுற்றுக்கள் 8 அம்பியரையும், வேறாக 200 சுற்றுக்கள் 10 அம்பியரையும் சுமக்க வேண்டும். சுற்றுக்களை அம்பியராற் பெருக்கிக் கூட்டினால் அங்கே 4000; இங்கே 800. ஐந்தில் ஒரு பங்கு செப்பே போதும் என்பது இதனாற் பெறப்படும். இரும்பும் அதற்கேற்பக் குறையும். இழப்பும் வெப்பமும் குறையும்.

ஆனால் இந்த ஆதாயம் இரு அழுத்தங்களும் அண்மையில் இருக்கும்போதே கிட்டுவது. 11,000 வோல்ற்றை 230 வோல்ற்றுக்கு இறக்குவதாயின், நேரே செல்லக்கூடிய வலு நூற்றுக்கு இரண்டளவே. மற்றதெல்லாம் காந்தத்தின் வழியாகவே செல்ல வேண்டியிருத்தலின் சேமிப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. அதற்கு மாறாக, வீட்டு விளக்கின் கம்பி உயரழுத்தக் கம்பியோடு நேரே தொடர்புறும். கீழ்ப்பகுதியில் ஓரிடம் அறுந்தாற் போதும், உயரழுத்தம் தடையின்றி வீட்டுக் கம்பியை அடையக்கூடும். உயரழுத்த மின்சாரத்தைக் குறித்து மக்கள் அஞ்சிய அந்நாளில், இருசுருள்களின் இடையேயிருந்த பிரிவே வீட்டார்க்குக் காவலாயிருந்தது. ஊருக்கு ஒளிவழங்கும் வேலையில் ஒற்றைச்சுருளைத் தவிர்த்தது இருவகையானும் தக்கதே.

அதற்குரிய இடம் தொழிற்சாலையிற் கிடைத்தது. நிக்கலா டெஸ்லாவுக்கு 1888 இற் காப்புரிமை வழங்கப்பட்ட தூண்டல் மோட்டர்கள் விரைவில் ஆலைகளிற் பரவின. இம்மோட்டர், நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, வழக்கமாக ஓடுகையிற் கொள்ளும் ஓட்டத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு ஓட்டத்தை இழுக்கும். பெரிய மோட்டர் ஒன்று புறப்படும் கணத்தில் அயலிலுள்ள விளக்குகளெல்லாம் மங்கும். இதனைத் தவிர்க்க, ஒற்றைச்சுருள் நிலைமாற்றி ஒன்றன் வாயிலாகத் தாழ்ந்த அழுத்தத்தில் மோட்டரைத் தொடக்கி, வேகம் ஏறியபின் முழு அழுத்தத்திற்கு மாற்றும் முறை வந்தது. ஈடுசெய்கருவி என்னும் பொருள்படும் பெயரால் அக்காலப் பொறியியலாளர் இதனை அழைத்தனர்.

இதன் நயம் கணக்கிலே தெரியும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் மோட்டர் கொள்ளும் ஓட்டமும் பாதியாகும். அவ்வோட்டத்தை நிலைமாற்றி மேலும் பாதியாக்கியே வழங்கலிலிருந்து பெறுவதால், வழங்கற் கம்பியில் ஓடுவது காற்பங்கு மாத்திரமே. தடை ஒன்றைத் தொடரில் வைத்து அழுத்தத்தைப் பாதியாக்கினால் வழங்கலிலும் பாதி ஓட்டம் செல்லும். எஞ்சிய வலு வெப்பமாக வீணாகும். ஒரு குறை மாத்திரம் இருந்தது. தாழ்ந்த அழுத்தத்திலிருந்து முழு அழுத்தத்திற்கு மாற்றும் இடைவேளையில் மோட்டர் கணப்பொழுது மின்சாரமின்றி நிற்க, மீண்டும் இணைக்கும்போது பேரோட்டம் ஒன்று பாய்ந்தது. பேர்லினைச் சேர்ந்த மக்ஸ் கோர்ண்டோர்ஃபர் இதற்கு வழி கண்டார். சுருளின் அடிமுனையை முதலில் திறந்துவிட்டால், மேற்பகுதி மோட்டரோடு தொடரில் நிற்கும் தடுப்புச் சுருளாகின்றது. பின்னர் அதனையும் குறுக்கிட்டு முழு அழுத்தத்தைக் கொடுக்கலாம். இடையில் ஒரு கணமேனும் மோட்டர் வழங்கலை விட்டுப் பிரிவதில்லை. 1908 இல் இதற்கென அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1914 இல் வழங்கப்பட்டது. பெரிய நீரேற்றும் பொறிகளையும் காற்றழுத்திகளையும் தொடக்குவதற்கு அவர் பெயரால் வழங்கும் அம்முறை இன்றும் கையாளப்படுகின்றது.

அந்த 1914 ஆம் ஆண்டிலேயே ஒற்றைச்சுருள் நிலைமாற்றி ரயில் பாதைக்கும் வந்தது. நியூயோர்க்கிலிருந்து நியூஹேவன் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை 1907 முதல் 11,000 வோல்ற்று ஆடலோட்டத்தால் இயங்கியது. தலைக்கு மேலுள்ள தொடுகம்பி வழியே வண்டிக்கு ஓட்டம் செல்ல, தண்டவாளத்தின் வழியே அது மின்நிலையத்திற்குத் திரும்பியது. தண்டவாளம் நிலத்திற் கிடப்பது; ஆதலின் திரும்பும் ஓட்டத்தில் ஒரு பகுதி மண்ணிற் கசிந்து கண்டவாறு பரந்தது. சென்ற ஓட்டமும் மீண்ட ஓட்டமும் வெவ்வேறு வழிகளிற் பிரிந்தமையால், பாதையின் அருகே ஓடிய தந்திக் கம்பிகளிலும் தொலைபேசிக் கம்பிகளிலும் அவை தூண்டிய இரைச்சல் பெருந்தொல்லையாயிற்று. ரயில் ஓடினால் அயலார் பேச முடியாது என்ற நிலையிற் புதிய பாதைகளுக்கு மின்சாரத்தை நீட்டுதல் எளிதன்று.

தீர்வு எளிமையானது. தொடுகம்பிக்கு இணையாக மற்றொரு கம்பி கம்பங்களின் மீது கட்டப்பட்டது. இரு கம்பிகளுக்கும் இடையே 22,000 வோல்ற்று. பாதையின் வழியே இடைக்கிடையே ஒற்றைச்சுருள் நிலைமாற்றிகளை நிறுத்தி, சுருளின் ஒரு முனையைத் தொடுகம்பியோடும், மறு முனையைப் புதிய கம்பியோடும், நடுப்புள்ளியைத் தண்டவாளத்தோடும் இணைத்தனர். வண்டிக்குக் கிடைப்பது முன்போலவே 11,000 வோல்ற்று. ஆனால் வண்டியிலிருந்து தண்டவாளத்தில் இறங்கும் ஓட்டம், அண்மையிலுள்ள நிலைமாற்றிகளின் நடுப்புள்ளி வழியே மேலேறிவிடுகின்றது. மின்நிலையம்வரை அது செல்லுவதும் வருவதும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும் அவ்விரு கம்பிகளின் வழியாகவே. ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று பெரும்பாலும் அழித்துவிடுதலின் தொலைபேசியின் இரைச்சல் தணிந்தது. அழுத்தம் இரட்டித்தமையால் மின்நிலையத்திலிருந்து வரும் ஓட்டம் பாதியாயிற்று. கம்பியில் வீணாகும் வலுவும் குறைந்தது. இத்தனைக்கும் நிலத்திற்கும் கம்பிக்கும் இடையேயுள்ள அழுத்தம் மிகவில்லை. காவலிகளைப் பெரிதாக்க வேண்டியிருக்கவில்லை.

இம்முறை அரை நூற்றாண்டுக்குப் பின் உலகெங்கும் பரவியது. 1964 இல் திறக்கப்பட்ட ஜப்பானின் முதல் விரைவு ரயிற்பாதை வேறொரு முறையைக் கைக்கொண்டிருந்தது. அதிலே தொடுகம்பியை இடையிடையே துண்டாக்க வேண்டியிருந்தமையால், பெரும் ஓட்டத்தைக் கொள்ளும் வண்டிகள் அவ்விடங்களைக் கடக்கையிற் பொறிபறந்தது. ஆகவே 1972 இல் ஒசாக்காவிலிருந்து ஒக்காயாமாவரை திறந்த பாதையில் ஜப்பானியர் ஒற்றைச்சுருள் நிலைமாற்றிகளை ஏற்றனர். 1981 இற் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே திறந்த விரைவுப்பாதையிலே பிரெஞ்சுக்காரர் இரு கம்பிகளுக்கிடையே 50,000 வோல்ற்றும், வண்டிக்கு 25,000 வோல்ற்றும் அமைத்தனர். இந்தியாவிற் சரக்கு வண்டிகளுக்கெனவே அமைத்த புதிய நெடும்பாதைகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. மின்கலங்கள் உடைந்து பேஜின் வண்டி நின்றுபோன பின்னர், அவர் சேலம் நகரிற் கண்ட சுருள் இவ்வாறாக ரயில் வண்டிகளை இழுக்க வந்து சேர்ந்தது.

பேஜ் தம் கிண்ணங்களை மாற்றி மாற்றித் தொட்டதையே செம்மைப்படுத்திய மற்றொரு கருவி 1933 இல் வெளிவந்தது. மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஜெனரல் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் கார்ப்ளஸ், வளையமான உள்ளகத்தின் மீது ஒரே அடுக்காகக் கம்பியைச் சுற்றி, ஓரத்திற் காவலை நீக்கி, அதன்மேற் கரித்தூரிகை ஒன்று வழுக்கிச் செல்லுமாறு அமைத்தார். கைப்பிடியைத் திருப்பினாற் போதும், சூனியத்திலிருந்து முழு அழுத்தம்வரை வேண்டிய அளவைப் பெறலாம். வேரியாக் என்னும் அதன் வணிகப் பெயர் இவ்வகைக் கருவிகள் அனைத்திற்கும் பொதுப்பெயர் போலாயிற்று. நாடக மேடை விளக்குகளைத் தடைகளால் மங்கச்செய்து வெப்பத்தை வீணாக்கிய வழக்கத்திற்கு இது மாற்றாயிற்று. ஆய்வுகூடங்களில் இது இன்றியமையாத துணை. மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊர்களில் வீட்டுக் கருவிகளைக் காக்கும் நிலைநிறுத்திகளுள்ளும் பெரும்பாலும் இருப்பது கிளைகள் பல கொண்ட ஒற்றைச்சுருளே. அழுத்தம் 200 ஆகத் தாழ்ந்தால் 230 ஆக உயர்த்துவதும், 250 ஆக ஏறினால் தணிப்பதும் அதன் தொழில். இவை அண்மையான அழுத்தங்களாதலின் சிறு சுருளே பெரும் வலுவைக் கையாளுகின்றது.

மிகப் பெரிய ஒற்றைச்சுருள் நிலைமாற்றிகள் இருப்பன நாடளாவிய மின்வலைகளில். மின்தேவை வளர வளர ஒவ்வொரு நாடும் பழைய வலையின்மேல் உயர்ந்த அழுத்தமுடைய புதிய வலையை விரிக்க நேர்ந்தது. பிரித்தானியா 132,000 வோல்ற்று வலையின் மேல் 1953 முதல் 275,000 வோல்ற்று வலையையும், 1965 முதல் 400,000 வோல்ற்று வலையையும் அமைத்தது. 275,000 இலிருந்து 400,000 இற்கு ஏறுவதற்கு, ஒற்றைச்சுருளாயின் செல்லும் வலுவில் மூன்றிலொரு பங்கிலும் குறைவான அளவே காந்தத்தின் வழியாகச் செல்லும். நூற்றுக்கணக்கான தொன் நிறையுடைய பொறியில் இது செப்பிலும் இரும்பிலும் எண்ணெயிலும் பெருஞ்சேமிப்பு. வீதிகளிலும் பாலங்களிலும் ஏற்றிச்செல்லக்கூடிய நிறைக்குள் பொறி அடங்குவதும் இதனாலேயே சிலவிடங்களில் இயலுவதாகின்றது. இலங்கையின் மின்கடத்தல் வலையும் 220,000, 132,000 வோல்ற்று என்னும் இரு நிலைகளைக் கொண்டது. இவற்றின் விகிதம் ஐந்துக்கு மூன்று. இவ்வாறு அண்மையிலுள்ள இரு நிலைகளை இணைக்குமிடமே ஒற்றைச்சுருளுக்கு இயல்பான இடம். ஐந்தில் இரு பங்கு பருமனுடைய பொறி அங்கே முழுப் பொறியின் வேலையைச் செய்யும்.

எனினும் அந்தப் பெருவலைகளிலும் கம்பித் தொடர்பின் விளைவுகளை மறத்தல் ஆகாது. ஒரு வலையில் நேரும் குழப்பம் மற்றொரு வலையையும் தொடும். குறுக்குச்சுற்று நேரும்போது இதனுள்ளே ஓட்டத்தைத் தடுக்கும் ஆற்றல் குறைவாதலின், பாயும் ஓட்டம் இருசுருள் நிலைமாற்றியிலும் பெரிதாகும். அவ்விசையைத் தாங்கும்படி சுருள்களை வலுவாகக் கட்டுதல் வேண்டும். இரு வலைகளுக்கும் பொதுவான நடுநிலைப்புள்ளியை நிலத்தோடு உறுதியாக இணைத்தலும் வேண்டும். இவையனைத்தும் அறிந்தோர் காவலில், வேலியிட்ட முற்றத்தினுள் நிகழ்வன.

வீட்டினுள் நிலைமை வேறு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீட்டு அழுத்தம் 120 அல்லது 100 வோல்ற்று. இலங்கையில் 230 வோல்ற்று. அந்நாடுகளிலிருந்து கொண்டுவரும் கருவிகளை இயக்க வாங்கும் சிறு பெட்டிகள் பலவற்றுள் ஒற்றைச்சுருளே உண்டு. கையடக்கமும் மலிவும் அதன் சிறப்பு. ஆனால் 110 வோல்ற்று என்று பெட்டியின் முகத்தில் எழுதியிருப்பது, அதன் இரு வெளிமுனைகளுக்கும் இடையேயுள்ள அழுத்தமேயன்றி, முனைக்கும் நிலத்திற்கும் இடையேயுள்ள அழுத்தமன்று. பெட்டியைச் செருகுமிடத்தில் உயிர்க்கம்பியும் நடுநிலைக்கம்பியும் இடம் மாறியிருப்பின், ஏணியின் அடிப்படியே நிலத்திற்கு 230 வோல்ற்று மேலே நிற்கும். கிளை 120 வோல்ற்றில் நிற்கும். ஈரத்தரையில் நின்று அக்கருவியைத் தொடுபவருக்கு 110 என்ற எழுத்தால் யாதொரு காவலுமில்லை. பொதுப்பகுதியிற் கம்பி அறுந்தாலோ தாழ்ந்த அழுத்தத்திற்கென அமைந்த கருவியின்மேல் வழங்கலின் முழு அழுத்தமும் படக்கூடும். குளியலறையிற் சவரக் கருவிக்கென வைக்கும் மின்செருகியினுள்ளே, அழுத்தத்தை மாற்ற வேண்டாதவிடத்தும் இருசுருள் நிலைமாற்றியை வைப்பது இக்காரணம் பற்றியே. அங்கே வேண்டுவது அழுத்த மாற்றமன்று; பிரிவு. அப்பிரிவை ஒற்றைச்சுருளால் ஒருபோதும் கொடுக்க முடியாது.

ஆகவே ஒரு நிலைமாற்றியைத் தேர்பவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இரு அழுத்தங்களும் அண்மையில் உளவா? இரு பக்கமும் ஒரே கம்பியாற் தொடர்புறுதல் இடரின்றி இயலுமா? இரண்டிற்கும் ஆம் என்ற விடை வருமிடத்து ஒற்றைச்சுருளைப் போல் உழைப்பது வேறில்லை. ரயிற்பாதையும், ஆலை மோட்டரும், பெருவலையும் அத்தகைய இடங்கள். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்ற விடை வருமாயின், சேமிக்கும் செப்பின் விலையைக் கருதலாகாது. 1836 இல் பேஜ் தம் விரல்களில் ஊசியை ஏற்றி, மின்கல ஓட்டம் செல்லாத கம்பியிலிருந்தும் அதிர்ச்சி வருமென்று கண்டார். அவர் வேண்டுமென்றே பெற்ற அவ்வதிர்ச்சியை வேறொருவர் அறியாமற் பெறாதிருக்கச் செய்வது, அக்கண்டுபிடிப்பின் பயனைத் துய்ப்போர் கடனாகும்.